நீலக் கம்ப்யூட்டர்

பிள்ளைகளே, முந்தாநாள் மல்லேஸ்வரம் பஸ்ஸில் நான் கேட்டது இது.

“பொண்ணு பாக்கவா போறோம், கலரு பேச?” என்றார் முன் இருக்கையில் ஓர் அம்மா. மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் டைப் அடித்துத் தரும் கடை வைக்க, கணவரோடு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்.

“அந்த நீலக் கம்ப்யூட்டர் ஷோக்கா இருக்கு கமலா. கடைக்கே ஒரு களை வரும்,” என்றார் கணவர்.

“வர்றவங்க மேட்டரை ஃப்ளாப்பியில கொண்டாருவாங்க. அந்த நீலத்துல ஃப்ளாப்பி சொருக எடமே இல்லியே.”

“தனியா ஒரு டிரைவ் வாங்கி மாட்டிக்கலாம்.”

“கெட்டுப்போனா? நம்ம தெரு மெக்கானிக் அதைத் தொறக்கவே மாட்டாரு. ஒரு நாள் கடைய மூடினா ஆளுங்க எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க. எனக்குச் சதுரப் பொட்டிதான்.”

“பழுப்பா, பாக்கவே சகிக்கலியே!”

கமலா இறங்க எழுந்தார். “எப்படியும் தூசி படும்னு உறை தெச்சு மூடப்போறீங்க. அந்தத் துணிய நீலமா எடுத்துக்குங்க.”