டேப் சுற்றிய பிளக்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருந்தது. அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. பெட்டியில் இரண்டு சாக்கெட். ஒன்று டிவிக்கு, மற்றது வீடியோ கேமுக்கு. அம்மா மிக்ஸி போட வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றைப் பிடுங்க வேண்டும். அந்தக் காலத்தில் பல வீடுகள் அப்படித்தான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நடந்ததில் பெட்டிக்கும் பங்கு உண்டு என்று நான் வெகுநாள் நம்பியதுதான்.

என் பெயர் குணசேகரன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபது வயது. அக்கா தேவயானி என்னைவிட மூத்தவள், பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசியும் புகையும் ஆகாது. அரக்கோணத்து டாக்டர் ஒருவர் சொல்லி நைனா ஒரு பழைய ஆவி மிஷினை வாங்கி வந்திருந்தார். மருந்தை ஊற்றி, அதன் மாஸ்க்கை மூக்கின் மேல் கவிழ்த்து, ஸ்விட்சைப் போட்டால் சிறிது நேரத்தில் மூச்சு திரும்பும். அதற்கும் கரெண்ட் வேண்டும்.

கேம் ஒரு கிரேக்கக் கதை. இறக்கை இல்லாத ஒருவன் பாதாளத்திலிருந்து தேவர்களின் மலைக்கு ஏறுகிறான். கல்லுக்குக் கல் தாவ வேண்டும். திரை மேலே மட்டும்தான் நகரும். கடந்து வந்த கல் கீழே மறைந்துவிட்டால் அது இல்லை. கால் சறுக்கினால் சாவு. உச்சியில் தலைமுடி முழுக்கப் பாம்பாக மெடூசா. அவளை ஜெயித்தால் இறக்கை கிடைக்கும். பாதியில் அணைத்தால் மறுபடி பாதாளம்தான். எனக்குத் தெரிந்து ஊரில் யாரும் அதை முடித்ததில்லை.

"நம்ம மலைதான்டா இது" என்பாள் அக்கா. "எறங்கற வழிய மட்டும் கட்டாம உட்டுட்டான்."

அவள் விளையாட மாட்டாள். பின்னால் பாயில் உட்கார்ந்து எங்கே தாவ வேண்டும் என்று சொல்வாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். நைனா வரும் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். பாஸ் பட்டனை அழுத்திவிட்டு டிவியை மட்டும் அணைத்துவிட வேண்டும். கேம் உள்ளே அப்படியே நிற்கும். நைனா சாப்பிட்டுப் போன பிறகு டிவியைப் போட்டால் விட்ட இடத்தில் அந்த ஆள் நின்றுகொண்டிருப்பான்.

மெழுகு இறக்கை கட்டிப் பறந்த அப்பா, மகன் கதையையும் அவள்தான் சொன்னாள். மகன் சூரியன் பக்கம் போனான், மெழுகு உருகிக் கடலில் விழுந்தான்.

"அப்பங்காரன் இன்னா பண்ணான்?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாத்தான். தண்ணி மேல இறகு மட்டும் மெதந்துகினு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அவன் பறந்து போய்ச் சேந்துட்டான்."

ஒருமுறை நான் நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா சட்னி அரைக்க கேம் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கறுப்பு டேப் வாங்கி வந்து இரண்டு பிளக்குகளையும் தனித்தனியாகப் பெட்டியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். அம்மா அம்மிக்குப் போய்விட்டாள். ஆவி மிஷின் தேவைப்படும்போது நானே கத்தியால் டேப்பை அறுப்பேன், பிறகு நானே சுற்றுவேன். மற்றவர்கள் தொடக்கூடாது என்பது வீட்டில் பழக்கமாகிவிட்டது.

மற்ற நாட்களில் மதியம் கரெண்ட் போகும். ஆடிக் கிருத்திகை அன்று போகாது. காவடிக் கூட்டம் ஊர் கொள்ளாமல் வரும் நாளில் கரெண்டை நிறுத்த மாட்டார்கள். கேமை முடிக்க அந்த நாளைத்தான் குறித்து வைத்திருந்தேன்.

நைனாவும் அம்மாவும் விடியும் முன்பே மலையடிவாரத்துத் தேங்காய்க் கடைக்குப் போய்விட்டார்கள். கற்பூரப் புகை ஆகாது என்று அக்காவை விட்டுப் போனார்கள்.

"அக்காவப் பாத்துக்கடா" என்றாள் அம்மா.

"ஆங்" என்றேன்.

"அவன் என்னைப் பாக்கறதா? நான்தான் அவனப் பாத்துக்கணும்" என்றாள் அக்கா.

காலையில் ஆரம்பித்தேன். மதியம் மெடூசா இருக்கும் கோட்டைக்குள் இருந்தேன். அதுவரை அவ்வளவு உயரம் போனதில்லை. தெருவில் பம்பைச் சத்தம். சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்.

"குணா, மிஷின் போடுடா."

"இரு, அக்கா. வந்துகினே இருக்கேன்."

"எங்க வந்துகினு இருக்க? மெடூசா கிட்டயா?"

சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அதன் பிறகு அவள் பேசவில்லை. இழுப்பு பல முறை வந்திருக்கிறது, தானாக அடங்கியும் இருக்கிறது. நான் அதை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே தாவினேன்.

அவள் பாயிலிருந்து நகர்ந்து வந்து என் அருகில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது தெரிந்தது. டேப்பை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. மெடூசா திரைக்கு வந்துவிட்டாள். நான் திரும்பவில்லை. இடது காலை நீட்டி, பெட்டியை டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினேன். மெதுவாகத்தான் தள்ளினேன். ஒயர் கழன்றுவிடக் கூடாது.

மெடூசா செத்தாள். அவனுக்கு இறக்கை கிடைத்தது. திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தது. அக்காவைப் படிக்கச் சொல்லத் திரும்பினேன்.

அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது.

அப்போதுதான் கேம் பிளக்கின் டேப்பை அறுத்து மிஷினைப் போட்டேன். அது நன்றாக ஓடியது.

கரெண்ட் போய்விட்டது என்று சொன்னேன். அம்மா நம்பினாள். காவடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எந்த ஆட்டோ வந்திருக்கும் என்று வந்தவர்கள் எனக்காகப் பேசினார்கள். பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அக்கா மட்டும், "எங்க வூட்ல ஃபேன் ஓடிகினுதானே இருந்துச்சு?" என்றாள்.

நைனா டிவியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து ஓடிய டிவி. கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எங்க லைன் வேற மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த வருடங்களில் என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. பேச்சே குறைவுதான். அம்மா கடைசிவரை, "பாவம், புள்ள தனியா கெடந்து தவிச்சிருக்கு" என்று வருகிறவர்களிடம் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு அவள் போட்ட சோற்றைத் தின்றேன். குளிக்கும்போது இடது காலைப் பார்க்காமல் தேய்த்துக் கழுவப் பழகிக்கொண்டேன்.

எனக்கே நான் சொல்லிக்கொண்டது ஒன்று உண்டு. அவள் கேம் ஒயரைப் பிடுங்க வந்தாள். பிடுங்கினால் எல்லாம் போய்விடும். பயத்தில் கால் தானாக நீண்டது. இருபது வயதில் யாருக்கும் அப்படி நடந்திருக்கும். இதைப் பல வருடம் நம்பினேன்.

ஆனால் பாஸ் பட்டன் வேலை செய்தது. அதை அழுத்திவிட்டு டிவி ஒயரைப் பிடுங்கியிருந்தால் மிஷினுக்கு இடம் கிடைத்திருக்கும், கேமும் நின்றிருக்கும். எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அந்த ஓட்டம் போய்விடும் என்று நிறுத்தவில்லை.

காரியம் முடிந்த பிறகு பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். டிவி பிளக்கின் டேப் முழுக்க நகக்கீறல். ஒரு ஓரம் கிழிந்து தூக்கியிருந்தது. கேம் பிளக்கின் டேப்பை அவள் தொடவே இல்லை.