ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்ன பேராசிரியருக்கு

நூலின் அட்டையில் என் பெயரையும் அச்சிடுங்கள், ஐயா!

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று இந்த ஆய்வு மையத்தில் எல்லோரும் எனக்குச் சொன்ன ஒன்றைக் கேட்டே தொடங்குகிறேன். “நீதான் நல்லா எழுதுவியே, ஐயாவோட பிரிவுபசார விழாவுல வாசிக்கிற வாழ்த்து மடலை நீயே எழுதிடும்மா” என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர் அக்கா. எழுதிவிட்டேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொழிற்குடும்பங்களின் தலைமையைத் துருவித் துருவி ஆராய்ந்த தகைமையாளரே! தந்தை தொடங்கிய தொழிலைத் தனயன் தாங்குவானா தகர்ப்பானா என்று தயங்காமல் சொல்லும் தனிப்பெரும் அறிஞரே! உங்களைப் பாராட்ட நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. மரத்தூளிலும் அச்சக இரைச்சலிலும் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்டவர் நீங்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான்; நேர்காணலில் மற்றவர்கள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒருவர்தான் என் விடையைக் கேட்டீர்கள். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மரச்சாமான் ஆலை முதலாளியின் வீடு நினைவிருக்கிறதா? தலைமைப் பண்பு பற்றி மூன்று மணி நேரம் முழங்கினார். ஆனால் புதுக் கிளை திறப்பதா, பழைய மேலாளரை வைத்துக்கொள்வதா என்று எதைக் கேட்டாலும், “ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்” என்று உள்ளே எழுந்து போனார். உடனே நீங்கள் என் பக்கம் திரும்பி, “நிறுத்தும்மா, பேட்டரி வீணாகுது” என்பீர்கள். எழுத்துப்படியில் அந்த இடத்தில் ‘இடைவேளை’ என்று குறிப்போம். எத்தனை குடும்பங்கள், எத்தனை இடைவேளைகள்!

அன்று நான் தண்ணீர் கேட்கும் சாக்கில் அவர் பின்னாலேயே போனேன். மடியில் குழந்தையும் கையில் ஆர்டர் புத்தகமுமாக அவருடைய மூத்த மகள் உட்கார்ந்திருந்தார். “அந்த மேலாளர் போனா ரெண்டு பெரிய கடையும் அவர் பின்னாடியே போயிடும்ப்பா. வெச்சுக்கலாம்னு சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி யோசிச்ச மாதிரி மீசையைத் தடவிக்கோங்க.”

வெளியே வந்தார், தடவினார், சொன்னார். ‘தொலைநோக்கு’ என்று நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு நாற்பத்தொரு வீடுகளின் உள்ளறைகளுக்குத் தனியாகப் போய், மனைவியரையும் மகள்களையும் மருமகள்களையும் கேட்டு எழுதி வந்தவள் நான். அதுதான் ஆறாம் இயல்: ‘இடைவேளையில் எடுத்த முடிவுகள்’. நூலுக்கு விருது வாங்கித் தந்ததும் அதுதான். அட்டையில் இருப்பதோ உங்கள் பெயரும், நீங்கள் விட்டுச்செல்லும் இயக்குநர் நாற்காலியில் நாளை அமரப்போகும் உங்கள் மருமகனின் பெயரும். அந்த நாற்பத்தொரு வீட்டில் ஒன்றின் வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை. முன்னுரையில் எனக்கு ஒரு வரி: ‘தட்டச்சில் உதவிய பெண்ணுக்கும் நன்றி’.

கேட்டேன். “நாம எல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துக்குள்ள பேர் எதுக்கு?” என்று சிரித்தீர்கள்.

நிறுவனப் பலகையில் மகள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டபோது ஆலை முதலாளி சொன்னதும் இதே வாக்கியம்தான். சரியப்போகும் தொழிலின் முதல் அறிகுறி என்று அதை ஆறாம் இயலில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். உங்கள் நூல்தான், ஐயா; படிக்கவில்லை போலும்!

நூறாண்டு நோயின்றி வாழுங்கள். என் நூல் வெளிவரும் நாளில் அதன் அட்டையைக் கண்ணாடி இல்லாமலே படிக்கும் கண்களோடு வாழுங்கள்.

தோழர்களே, நீங்கள் கையெழுத்திட மடலின் கீழே இடம் விட்டிருக்கிறேன், விருப்பமிருந்தால் இடுங்கள். என் விலகல் கடிதம் காலையிலேயே அக்காவின் மேசைக்குப் போய்விட்டது. நாற்பத்தொரு குறிப்பேடுகளும் இந்தப் பையில் இருக்கின்றன. நேற்று அந்த மூத்த மகளிடம் தொலைபேசினேன். “புத்தகத்துல எங்க பேரையும் போடுவியாடி?” என்றார். போடுவேன் என்றேன். வண்டி வாசலில் நிற்கிறது. தேநீர் எனக்கு வேண்டாம்.

இவ்வண்ணம்,
ஆறாம் இயலை எழுதியவள்