அண்ணாவியாரைப் பிடித்த படம்

...தோணிக் கம்ப மெதுவா ஊண்டுங்க கச்சி முகம்மது காக்கா, படப்பெட்டியில தண்ணி தெறிக்கிது! இண்டைக்கே இதக் கொண்டரட்டாம் எண்டு அந்த மனிசன் ஒத்தக் கால்ல நிக்கிறார். ஆரு? கூத்துப் பழக்குற சாமித்தம்பி அண்ணாவியார்தான்! சந்தைக்கு வாற ஆளெல்லாத்திட்டயும் எனக்குச் சொல்லி அனுப்புறார், 'நல்லரத்தினம் என்ர படத்தக் காட்டவே மாட்டானா?' எண்டு. நீங்களும் அவர்ட கூத்துக்குப் பயித்தியம் எண்டு தெரியும்... சிரிக்காதீங்க!

ஓம், முழங்கால் போச்சுத்தான். இனி ஆடமாட்டார்தான். தன்ர ஆட்டத்தத் தான் ஒருக்காப் பாத்திரோணுமாம். ஊர்ச்சனம் படம் பாக்க வெள்ளச்சீல கட்டிக் காத்திருக்காம்.

பெரிய கலைஞர், அறிவாளிமாரப் படம் பிடிக்கிற சீவியம் லேசில்ல காக்கா. வந்தாறுமூலையில ஒரு புலவர்... கமறாவ வெச்சா அந்தாள் சும்மா யோசிச்சிக்கிட்டு இருக்கார்! யோசன படத்தில விழுமா? பிறகு நானே பக்கத்தில இருந்து, கன்னத்தில கைவெச்சு, யோசிச்சுக் காட்டினன். ஏறாவூரில ஒரு சித்திரக்காரர், முதுகக் காட்டிக்கொண்டுதான் கீறுவார். தூரிகைய வாங்கி நான் கீறிக் காட்டினன். கொழும்பில என்ன கைதட்டு!

அண்ணாவியார் இன்னும் மோசம். வட்டக்களரியாம், நாலு பக்கமும் சனமாம், நாலு பக்கமும் திரும்பித்தான் ஆடுவாராம். 'கமறாப் பக்கம் மட்டும் ஆடுங்க' எண்டன். 'அப்ப மத்த மூண்டு பக்கமும் இரிக்கிறவன் என்ன குத்தம் செய்தான்?' எண்டார். கேள்வியப் பாருங்க!

சரியெண்டு, மச்சான்ட கையில கமறாவக் குடுத்துப்போட்டு, கூத்தெண்டா என்னெண்டு விளங்கப்படுத்த நான் முன்னுக்கு நிண்டன்... சும்மா கொஞ்ச நேரம். அதுக்கு முன்னுக்கு நான் தோணியில வாறது, இறங்குறது, கும்பிடுறது... அதுக்குள்ள படச்சுருள் முடிஞ்சிரிச்சி. சுருள் என்ன, வயல்வட்டையளவா நீளம்? பின்னால அவர் ஆடினார்தான். விடியவிடிய ஆடின மனிசன், வெளிச்சம் வேணுமெண்டு நான் கேட்டதுக்காக விடிஞ்ச பிறகும் நிப்பாட்டாம ஆடினார். அண்டைக்குப் போன முழங்கால்தான்...

இல்ல காக்கா, அவரும் படத்தில விழுந்திரிக்கார்! என்ர தோளுக்குப் பின்னால, ஓரத்தில... சலங்க கட்டின ஒரு கால்...

ஏன் நிப்பாட்டினீங்க? அட, எங்க இறங்குறீங்க? கர இன்னும் வரல்லையே! உங்களுக்கு முழங்கால் தண்ணிதான், நான் சப்பாத்தெல்லாம் போட்டிரிக்கன்... கம்பையும் கொண்டா போறீங்க? காக்கா! அண்ணாவியாரிட்டப் போய்ச் சொல்லிப்போடாதீங்க!

...சொன்னாலும், கால் இரிக்கெண்டும் சொல்லுங்க!