கருங்காலியடியில் ஒரு சிவப்புப் பலகை

தேநீருக்குச் சீனி வேண்டாம், ஐயா. எனக்கு நீரிழிவு.

நான் தாவரவியல் படிப்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு எனக்கிருந்த ஒரே வேலை அந்தக் கருங்காலிதான். மயிலிட்டிக்குத் தெற்கே, இராணுவம் விட்டுப்போன பற்றைக்காட்டில் நின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தானாக முளைத்து வளர்ந்த கருங்காலி வேறொன்றை நான் கண்டதில்லை. அந்த வருடந்தான் நிறையக் காய் பிடித்திருந்தது. விதை எடுத்துக் கன்றுகள் எழுப்பலாம் என்று காத்திருந்தேன்.

சமையல் எரிவாயு கிடைக்காத வருடமும் அதுதான். சனங்கள் கத்தியோடு காட்டுக்குள் இறங்கினார்கள். ஒருநாள் போனபோது, காய்த்த கிளையொன்றை யசிந்தா தறித்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள்.

"இது அருமையான மரம், பிள்ளை. தறியாதை."

"ஓம் சேர். ஆனா பிள்ளையளுக்குச் சோறு காய்ச்ச வேணுமே?"

அவள் கேட்டது நியாயம்.

காட்டின் மேற்கு மூலை இன்னும் வெடி அகற்றித் துப்புரவாக்கப்படவில்லை. அங்கே மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை ஒன்று நின்றது. மிதிவெடிப் பலகை. அதைப் பிடுங்கி வந்து கருங்காலியடியில் நட்டேன். புதிதாக வெடி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னேன். பிறகு மரத்தை ஒருவரும் தொடவில்லை. நன்றாக நித்திரை கொண்டேன்.

காய்கள் பழுக்கத் தொடங்கியபோது வெடிச்சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யசிந்தாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"உங்கடை மரத்தடிக்கு நான் போகேல்லை, சேர்," என்றாள். "போர்டைக் கண்டு பயந்திட்டன். நீங்கள் சொன்ன பக்கந்தான் போனனான்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கிழமை முடியுமுன்னே காயத்தில் கிருமி ஏறி இறந்துபோனாள்.

பலகை நடாமல் விட்டான் என்று நீங்கள் மறித்து வைத்திருக்கும், மிதிவெடி அகற்றும் கிருஷாந் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான். அவனை விட்டுவிடுங்கள்.

ஆம், மேற்கு மூலையில் பட்ட விறகு நிறையக் கிடக்கிறது என்று அவளுக்குச் சொன்னவன் நான். கருங்காலியிலிருந்து அவளைத் தூர அனுப்ப வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அங்கே வெடி மிஞ்சியிருக்காது என்று நம்பினேன். வீட்டிலிருந்து இந்தப் பொலிஸ் நிலையம் வரும்வரை இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஐயா, பலகையைப் பிடுங்கப் போன அன்று, அதற்கு அப்பால் நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.