அக்காவின் கோழிகள் இறகு உதிர்த்தபோது

கோழி இறகை உதிர்ப்பது நோய் இல்லை, டாக்டர். குஞ்சாக வாங்கி வளர்த்தால் இரண்டாவது வருஷம் முதல் தடவையாக உதிர்க்கும். கழுத்தில் தொடங்கி முதுகு, நெஞ்சு, வால் என்று வரிசையாகக் கொட்டும். கொண்டை வெளுக்கும், முட்டை நின்றுபோகும். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் பயந்துபோவார்கள். அக்கா பயந்துபோனாள்.

அவளுக்கு மறதி எப்போது ஆரம்பித்தது என்று வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். நானும் சரியாகத் தெரியவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். தெரியும். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தது அதற்காகத்தான்.

அக்கா டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவள் நாக்கு நுனியில் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு, மகளும் கல்யாணமாகிப் போய்விட, தையல் மெஷினோடு என்னைத் தன் வீட்டுக்கே வரச் சொன்னாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. கொல்லையில் அவளுக்கு ஐந்து கோழிகள். விடிந்ததும் தீனி, தண்ணீர் எல்லாம் அவள் கைதான்.

அவளுக்கு எதுவும் மறக்காது. அதுதான் எனக்குச் சங்கடம்.

சின்ன வயதில் ஒருவனை நம்பி நான் வீட்டைவிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டில் அவன் வரவே இல்லை. இருட்டும் முன்னால் பெட்டியோடு திரும்பி வந்தேன். வீட்டில் யாரும் அடிக்கவில்லை. அக்காதான் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பதற்றத்தில் துணிக்குப் பதிலாகத் தலையணையைத் திணித்திருந்தேன். அன்றிலிருந்து அது அவளுக்குச் சிரிப்புக் கதை. என் மாப்பிள்ளை முதல் தடவை விருந்துக்கு வந்தபோதும் சொன்னாள். "ஓடிப்போறவ தலையணையோட போனா பாருங்க மாப்பிள்ளை, தூங்கறதுக்குன்னே போயிருக்கா!" அவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் குழம்புச் சட்டியை எடுக்க உள்ளே போனவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கோழிகள் உதிர்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம். அக்காவுக்கு முட்டிவலி. என்னிடம் ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் அனுப்பினாள். அவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா பயந்தீங்க? பழைய சட்டையக் கழட்டுதும்மா. மீன்தூள் கலந்து குடுங்க, தானா முளைச்சிடும்."

சந்தோஷமாகத்தான் திரும்பினேன். வாசலில் நுழையும்போது அக்கா பக்கத்து வீட்டு மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையணை என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

"டாக்டர் என்னடி சொன்னார்?"

"தண்ணியும் தீனியும் இல்லாம காஞ்சுபோயிருக்குன்னார்."

"நான் தினமும் வைக்கிறேனே."

"வைக்கிறதா நினைச்சுக்கிறியோ என்னவோ."

இவ்வளவுதான். ஒரு நாள் சுருக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் அவள் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்ததும், நான் போய் அதைச் செடிக்கு ஊற்றினேன். பிறகு தீனியையும் அள்ளி டப்பாவில் போட்டேன். அவள் போய்ப் பார்ப்பாள், காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் கோழிகளுக்கு வைத்துவிடுவேன். கோழிகளை நான் பட்டினி போடவில்லை.

ஒரு வாரத்தில் அவளே சொன்னாள். "இனிமே நீயே பாத்துக்கோ. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

பார்த்துக்கொண்டேன். மீன்தூள் கலந்து போட்டேன். கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்தது, விரிந்தது. கொண்டை சிவந்தது. அக்கா கதவோரமாக நின்றபடி பார்த்தாள். "உன் கை பட்டதும் பொழைச்சுக்கிச்சுங்க பாரு. என்கிட்ட விட்டிருந்தா செத்தே போயிருக்கும்." சொல்லிவிட்டு அழுதாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, டாக்டர். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அடுத்தடுத்து எல்லாம் செய்தேன்.

அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போனாள். தூக்கம் கெட்டது. உங்களிடம் கூட்டி வந்தேன். ராத்திரிக்கு அரை மாத்திரை என்றீர்கள். நான் காலையிலும் ஒன்று கொடுத்தேன், பாலில் கரைத்து. மதியம் வரை பேச்சு குழறும். யார் வந்தாலும் பேசாமல் சிரிப்பாள்.

போன மாதம் மாப்பிள்ளை வந்திருந்தார். அக்கா பழைய வழக்கத்தில் ஆரம்பித்தாள். "ஒருத்தி தலையணையோட..." அதற்குமேல் வரவில்லை. என்னைப் பார்த்து, "யாருடி அது?" என்றாள்.

"நீதான்க்கா" என்றேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதிலிருந்து அவள் யார் எதிரிலும் வருவதில்லை.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று போன தடவை சொன்னீர்கள். நிறுத்தியும் குணம் தெரியவில்லை என்று இப்போது வெளியே நர்ஸிடம் சொன்னேன். நான் நிறுத்தவே இல்லை. இன்று காலையும் கொடுத்துத்தான் அழைத்து வந்தேன்.

நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். அக்காவிடம் மட்டும் வேண்டாம், டாக்டர். தாங்கமாட்டாள். அவளுக்கு என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?