ஏழாம் மாசத்துப் பூசணிக்காய்

உட்காருங்கம்மா, உட்காருங்க... ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன், அதைக் கேட்டுட்டுப் போங்க. முதல்ல ஆளுக்கொரு விரலைத் தூக்குங்க. மூக்குக்குக் கீழ, மேலுதட்டு நடுவுல வைங்க. தலைவரய்யா, மீசைய ஒதுக்கிட்டு நீங்களும்தான்... ஒரு பள்ளம் தெரியுதா? அதுக்கு ரெண்டு பக்கமும் கரை தெரியுதா? விரலை எடுக்காதீங்க.

ஆரணிப் பக்கம் பவுனம்மான்னு ஒருத்தங்க. அவங்க மருமக செண்பகத்துக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு. மேலுதடு பிளந்து பொறந்துச்சு. அவ்வளவுதான்... கிரகணத்தன்னைக்கு இவ அருவாமனையில பூசணிக்காய் நறுக்கினா, அதான் பேரன் உதடு கிழிஞ்சிடுச்சுன்னு பவுனம்மா வீடு வீடாச் சொல்லிட்டாங்க. பிரசவத்துக்குத் தாய்வீடு போன பொண்ணு அங்கயே கிடந்தா. மூணு மாசம்... கூப்பிட ஆள் வரல. புருஷன்கூட எட்டிப் பாக்கல.

குழந்தைய ஆபரேஷனுக்குக் கொண்டு போனப்ப, டாக்டரம்மா மாமியாரையும் வரச் சொன்னாங்க. வந்ததும் வராததுமா பவுனம்மா பூசணிக்காயைத்தான் எடுத்தாங்க. டாக்டரம்மா கோபப்படல.

"கிரகணம் எப்பம்மா வந்துச்சு?"

"வளைகாப்பு முடிஞ்ச மூணாம் நாள். நான் போட்ட வளையலோடதான் நறுக்கினா."

"வளைகாப்பு எந்த மாசம் பண்ணீங்க?"

"ஏழுல."

அப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க... வயித்துக்குள்ள முகம் ஒரே துண்டா வளர்றதில்ல. நடுவுலேருந்தும் ரெண்டு பக்கத்துலேருந்தும் தனித்தனியா வந்து ஒட்டிக்குது. ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள உதடு ஒட்டியாகணும். ஒட்டலன்னா அப்பவே ஒட்டலதான்.

சொல்லுங்க பாப்போம்! ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சு போன சங்கதிய, ஏழாம் மாசத்துப் பூசணிக்காய் எப்படிக் கெடுக்கும்?

பவுனம்மா விரல்விட்டு எண்ணினாங்க. மறுபடியும் எண்ணினாங்க.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே, டாக்டரம்மா..."

மறுநாள் காலையில கிளம்பினாங்க பாருங்க! சொன்ன வீடு ஒண்ணு விடாம ஏறி இறங்கினாங்க. என் மருமக மேல தப்பில்ல, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்னு சொன்னாங்க. அப்புறம்தான் மகனை இழுத்துக்கிட்டு, செண்பகத்தைக் கூப்பிடப் போனாங்க.

விரல் இன்னும் அங்கதான இருக்கு? அந்தக் கரைதான் நாம ஒட்டின இடம். உங்களுக்கு ஒட்டிடுச்சு, எனக்கு ஒட்டிடுச்சு, அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் ஒட்டல. அதை டாக்டரம்மா தைச்சிட்டாங்க... பெத்தவ மனசைக் கிழிச்சா யாரு தைக்கிறது? அப்படி ஒரு பிள்ளை பொறந்தா எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு கேளுங்க, அவ என்ன பண்ணினான்னு கேக்காதீங்க. எந்தத் தாயைப் பாத்தாவது விரல் நீட்டத் தோணுச்சுன்னா... அந்த விரலை முதல்ல இங்க வைங்க.