நாலு சோதனையிலும் தேறிய எண்

ஹூரியா: கதவைச் சாத்து லக்தர். எங்கம்மா காதுல விழுந்துடப் போகுது.

லக்தர்: அவங்க எங்க கேக்கப் போறாங்கக்கா? உங்களுக்கு டாக்டர் பட்டம் வந்த மாதிரியே மக்ரூத் பலகாரம் அடுக்கிட்டு இருக்காங்க. ஊர்லேர்ந்து, பிஸ்க்ராலேர்ந்து மூணு தட்டு! அத்தைங்க இப்பவே குலவை போட்டுப் பழகுறாங்க.

ஹூரியா: யா அல்லாஹ்... வாய்மொழித் தேர்வே இன்னும் ஆரம்பிக்கல.

லக்தர்: ஆறு வருஷ ஆராய்ச்சிக்கா. அரை மணி நேரம் பேசப் போறீங்க. அதுக்கா இவ்வளவு பயம்?

ஹூரியா: கடைசி அத்தியாயத்துல ஒரு எண் இருக்கே, அதைச் சொல்லு.

லக்தர்: இப்ப எதுக்கு அது...

ஹூரியா: சொல்லுடா.

லக்தர்: முன்னூத்தி இருபத்தோரு கோடியே அம்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூத்தி அம்பத்தொண்ணு.

ஹூரியா: அதைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்?

லக்தர்: பகா எண்ணுன்னு. ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது... நேரா வகுத்துப் பாக்காம, ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு நாலு எண்ணை அடிப்படையா வச்சு அடுக்குச் சோதனை செஞ்சோம். நாலுலயும் தேறிச்சு.

ஹூரியா: தேறினா போதுமா?

லக்தர்: போதும்னுதான் நினைச்சேன்.

ஹூரியா: ஏன் வேர்க்குது உனக்கு?

லக்தர்: புழுக்கமா இருக்கு.

ஹூரியா: ஜனவரியிலயா?

லக்தர்: அக்கா... திட்டக் கூடாது. முந்தாநேத்து அதை சும்மா சின்னச் சின்ன எண்ணால வகுத்துப் பாத்தேன். நூத்தி அம்பத்தொண்ணுல போயிடுச்சு. மீதியே இல்ல.

ஹூரியா: மறுபடி பாத்தியா?

லக்தர்: ஏழு தடவை. புரோகிராம் எழுதினது நான். நாலோட நிறுத்தினதும் நான். பதினொண்ணையும் அடிப்படையா வச்சு அதே சோதனை செஞ்சிருந்தா அப்பவே மாட்டியிருக்கும். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.

ஹூரியா: உள்ள தேர்வாளரா தஸ்ஸாதித் அம்மா உக்காந்திருக்காங்க. பேனாவை எடுத்து வகுத்துப் பாக்காம எதையும் நம்பாதவங்க. என்னைக் கேட்டா?

லக்தர்: கேட்டா என்னைக் கை காட்டுங்க.

ஹூரியா: உன்னை எதுக்கு? அடுத்த வருஷம் நீயும் உன் ஆய்வோட அவங்க முன்னாடிதான் நிக்கணும். மறந்துட்டியா?

லக்தர்: மறக்கலக்கா.

ஹூரியா: நாற்காலி நகத்துற சத்தம்... கூப்பிடப் போறாங்க. வாயை மூடிட்டு உக்காரு. நான் பாத்துக்கறேன்.

லக்தர்: இனிமே முடியாதுக்கா. இன்னிக்குக் காலையில அவங்க கையில ஒரு கடிதம் குடுத்துட்டேன். தப்பு என்னோடது, ஹூரியாவுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதி... கோவமா? ஏன் சிரிக்கிறீங்க?

ஹூரியா: அவங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. கொஞ்ச நேரம் முன்னாடி கூப்பிட்டுக் காட்டினாங்கடா உன் கடிதத்தை. நானும் வகுத்துப் பாத்துட்டேன்; தப்பு என்னோடதுன்னு நான் எழுதின கடிதம் நேத்தே அவங்க மேசைக்குப் போயிடுச்சு. உன் பேரை அதுல எழுதல. அந்த எண் இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் பேச்சை ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. தேறுவேனான்னு தெரியல... நீ போய் அத்தைங்ககிட்ட மட்டும் சொல்லு, குலவையைக் கொஞ்சம் பொறுத்துப் போடட்டும்.